சூசை ஒப்புக்கொண்ட மான்

போன வாரம் பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு, ஏலம் ஆரம்பிக்கும்வரை டீக்கடையோரம் நின்றுகொண்டிருந்தேன். கூட என் அக்கா மகன் தினேஷ். ஓசூரில் கம்பெனி வேலை, லீவுக்கு வந்தவன், பொழுது போகாமல் என்னோடு டெம்போவில் ஏறிக்கொண்டான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, இத பாருங்க, உங்க ஆளு ஒருத்தரு" என்று போனை நீட்டினான்.

ஒரு வெள்ளைக்காரர். நரைத்த தாடி, இலை இலையாய் அச்சுப் போட்ட சட்டை, மடியில் ஒரு வில். அதை வில் என்று தினேஷ் சொன்னதால்தான் நம்பினேன். இரண்டு முனையிலும் சக்கரம், குறுக்கும் நெடுக்கும் கம்பி, சைக்கிளைக் கழற்றித் திரும்பப் பூட்டத் தெரியாமல் விட்டது போல இருந்தது. அந்த நாட்டில் மான் வேட்டைக்கு லைசென்ஸ் உண்டாம், சீசன் உண்டாம். அவர் பேசிக்கொண்டே போக, தினேஷ் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"போன சீசன்ல என்னென்ன தப்பு பண்ணேன், என்ன கத்துக்கிட்டேன்னு சொல்றாரு மாமா. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம நின்னுட்டாராம். அம்பு பட்டதும் பொறுமையில்லாம பின்னாலயே ஓடிட்டாராம். அடிபட்ட மான் கெடைக்கவே இல்லியாம். எல்லாம் என் தப்புதான்றாரு."

முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை, டீ கசந்தது, மீதியைக் கீழே கொட்டினேன். "இதுக்கு ஏன் மாமா மூஞ்சி இப்படிப் போவுது?" என்றான் தினேஷ். மண்டியில் நின்றுகொண்டு சொல்கிற சங்கதியா அது? "ஒண்ணுமில்ல, வெயிலு" என்று சொல்லிச் சமாளித்தேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் வில் எடுத்தவன்தான். உடனே நிமிர்ந்து உட்கார வேண்டாம். நான் வில்லெடுத்த நாலு வருடத்தில் என் அம்பு பட்டது இரண்டு கரையான் புற்றிலும் ஒரு புளிய மரத்திலும் மட்டுமே. பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் மாறி, சித்தேரி மலையடிப் பக்கம் இறங்கி நடந்தால் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். மாசி முடிகிற சமயத்தில் ஊரே சேர்ந்து மலையேறுகிற பாரி வேட்டை நடக்கும். வூட்டுக்கு ஒரு வில் என்று ஊர்க் கட்டுப்பாடு, நாங்கள் கட்டு என்போம். முப்பத்திரண்டு வீடு, முப்பத்திரண்டு வில். வேட்டை கூடாது என்ற சட்டம் அப்போதே இருந்தது. எங்களுக்கு அது ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் ஞாபகத்துக்கு வரும். வேட்டை நின்றுபோனது நல்லதுதான், அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கம்பக்கத்து ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சாமிக்குச் சத்தம் ஆகாது, அதனால் வில். (அதே சாமிக்கு இப்போது திருவிழாவில் எட்டு ஸ்பீக்கர் கட்டுகிறார்கள், சாமியும் சும்மாதான் இருக்கிறது.) வில் மூங்கில், நாண் கத்தாழை நார். வருடம் முழுக்கப் பரணில் கிடக்கிற வில்லைத் தை பிறந்ததும் இறக்கி வேப்பெண்ணெய் பூசி ஊறப்போடுவோம். அந்த வாடை எங்கள் அம்மாவுக்கு ஆகாது. "வூட்டுக்குள்ள இத வெச்சின்னா சோறு கெடையாது" என்று வில்லையும் என்னையும் சேர்த்து மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார். இன்றைக்கும் தக்காளிக்கு அடிக்க வேப்பெண்ணெய் கலக்கும்போது கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. அந்த வாடையோடு சேர்ந்து வருவது வில் அல்ல, ஓடைக்கரைப் பாறையும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த முப்பத்திரண்டு பேரும்.

ஏனென்றால் எங்கள் வேட்டையில் பெரிய விஷயம் வேட்டையே இல்லை. அதற்குப் பிறகு நடப்பது. அடித்ததை ஓடைக்கரைப் பாறைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். கறியைக் கூறு போடுகிற முனுசாமி மாமா கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒவ்வொருவரும் எழுந்து, அன்றைக்குத் தான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவன் வீட்டுக்குக் கூறு. அடுத்தவன் தப்பை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால், சொன்னவனுக்குக் கூறு இல்லை. கட்டு இவ்வளவுதான்.

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நான் வேட்டையில் தெரிந்துகொண்டதெல்லாம் அங்கேதான். ஒருத்தர் காற்றுக்கு எதிராக நிற்காததைச் சொல்வார். ஒருத்தர் அம்பு பட்டதும் ஓடிக் கெடுத்ததைச் சொல்வார். அடித்த பிறகு ஒரு பீடி முடிகிற நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் மான் பக்கத்திலேயே படுக்கும். துரத்தினால் மலையேறிப் போய் வீணாய்ச் சாகும். அந்த வெள்ளைக்காரர் சொன்னது அத்தனையும் எங்கள் பாறையில் சொன்னதுதான். முதல் வருடம் என் முறை வந்தபோது, "மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கிட்டு வந்துட்டேனுங்க" என்றேன். வட்டமே சிரித்து உருண்டது. முனுசாமி மாமா, "மானு பொண்ணு பாக்க வருதுன்னு நெனச்சியாடா?" என்று கேட்டுவிட்டு, என் கூறில் ஒரு துண்டு சேர்த்துப் போட்டார்.

அந்த வட்டத்தில் சூசையண்ணன் இருந்தார். எங்களைப் போலவே பயிர் பச்சையோடு கிடக்கிற குடும்பம், ஆனால் வேதக்காரர்கள். சொந்தமாய்க் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று கடலை போட்டுக்கொண்டிருந்தார். ஊரிலேயே நல்ல வில் அவருடையது. சாமி கும்பிடும்போது ஒதுங்கி நிற்பார், வேட்டைக்கு முன்னால் நிற்பார். வேடிக்கை என்னவென்றால், மாசிக் கடைசி அவர்களுக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் அவர் கறியைத் தொடமாட்டார். விடியற்காலை எழுந்து, மலையேறி, மானை அடித்து, தூக்கி வந்து, தப்பையும் சொல்லிவிட்டு, தன் கூறை இல்லாதப்பட்ட வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போய் ரசம் ஊற்றிச் சாப்பிடுவார். "உனுக்கென்னப்பா, சாமியாருகிட்ட பாவத்த சொல்லிச் சொல்லிப் பழக்கம்" என்று கேலி பண்ணுவோம். "அங்க சொன்னா செபம், இங்க சொன்னா கறி" என்பார்.

என்னுடைய நாலாவது வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஓடைச் சரிவில் என்னை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் பத்தடி தள்ளிச் சின்னவர். ஊர்ப் பெரிய பண்ணைக்காரரின் மகன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், இன்றைக்கு எழுபதைத் தொட்ட பிறகும் அவர் சின்னவர்தான். ஒரு புள்ளிமான் புதரிலிருந்து வெளியே வந்தது. கொம்பில்லை. நடையிலேயே தெரிந்தது, வயிறு இரண்டு பக்கமும் பருத்துத் தொங்கியது. எங்கள் ஊரில் சினை மானை அடிக்கவே கூடாது.

"சின்னவரே, பெட்டைங்க. சினையாட்டம் இருக்குதுங்க" என்றேன்.

"கம்முனு இருடா" என்றார். அம்பு போய்விட்டது.

மான் துள்ளிக் கீழே ஓடியது. ஒரு பீடி நேரமெல்லாம் அவர் உட்காரவில்லை, பின்னாலேயே போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். திரும்பி வந்தபோது அவர் கையில் அம்பு இல்லை. யார் அம்பு என்று தெரியாமலிருக்க, மான் மேலிருந்து பிடுங்கி ஓடையில் போட்டுவிட்டிருக்கிறார். என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் பாக்கல" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே, அதை நினைத்தால் இந்த வயதிலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ரத்தச் சுவடு பார்த்துப் போய் மானைக் கண்டெடுத்தது சூசையண்ணன். தோளில் போட்டுக் கொண்டுவந்து பாறையில் கிடத்தினார். மேலே மலையில் வேறொருவர் ஒரு கிடா மானை அடித்திருந்தார், அதுவும் கிடந்தது. சினை மானைத் தின்னக் கூடாது, புதைக்க வேண்டும். அதை அடித்தவன் எழுந்து சொல்லி, தன் வில்லின் நாணை அவிழ்த்து வைத்துவிட்டு மூன்று வருடம் வேட்டைக்கு வராமல் இருக்க வேண்டும். அவன் சொல்லாதவரை கிடாவின் மேலும் கத்தி வைக்கக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். தண்டனை அவ்வளவுதான். அடியில்லை, அபராதமில்லை, ஊரை விட்டுத் தள்ளி வைப்பதில்லை. நாணை அவிழ்த்துவிட்டு மூன்று வருடம் வீட்டில் படுத்துத் தூங்கலாம். அதற்குக்கூட மனசு வரவில்லை அந்த மனிதருக்கு. பெரியவர் மகன் முப்பது பேர் முன்னால் எழுந்து "என் தப்பு" என்று சொல்வதா! துண்டால் ஈயை விரட்டிக்கொண்டு, யார் அந்தப் பாவி என்று தேடுகிறவர் போல எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியது. வீடுகளில் மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்தார்கள். பசியோடு ஒரு பிள்ளை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. முனுசாமி மாமா மூன்று தடவை கேட்டார். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எனக்குத் தெரியும் என்பதும் சிலருக்குத் தெரியும். ஆனால் கட்டு இருக்கிறதே, அடுத்தவன் தப்பைச் சொல்லக் கூடாது! அந்த நல்ல கட்டுக்குப் பின்னால் நாங்கள் முப்பது கோழைகள் சௌகரியமாக ஒளிந்துகொண்டோம்.

உச்சிவேளைக்குச் சூசையண்ணன் எழுந்தார். "என் அம்புதாங்க. இருட்டுல கிடான்னு நெனச்சிட்டேன்" என்றார். வில்லை எடுத்து நாணை அவிழ்த்தார்.

பளபளவென்று விடிவதற்கு முன்பே முப்பது அடியில் ஓணானின் ஆண் பெண் சொல்கிறவர் அவர். அது பொய் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பாடா என்று மூச்சு விட்டோம். சினை மானை ஓடைக்கரையில் புதைத்தார்கள், கிடாவைக் கூறு போட்டார்கள். தவக்காலத்தில் கறி தொடாத ஒரு மனிதன், நாங்கள் தின்ன வேண்டும் என்று பொய்யாய்த் தப்பை ஏற்றுக்கொண்டான், நாங்கள் தின்றோம். நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும்.

அத்தோடு முடிந்திருந்தால் இத்தனை வருடம் கழித்து எனக்கு டீ கசந்திருக்காது. இரண்டு நாள் கழித்து, புதைத்த இடத்தை நாய்கள் தோண்டிவிட்டன. வனக் காவலர் பார்த்துவிட்டார். ஜீப் வந்தது. ரேஞ்சர் எங்களைக் கோயிலுக்கு முன்னால் நிற்கவைத்து, யார் அடித்தது என்று கேட்டார். அவர் வேலையை அவர் செய்தார், அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. யாரும் வாயைத் திறக்கவில்லை. சின்னவர்தான் முன்னால் போனார்.

"தெரியாம பண்ணிட்டான் சார், பாவம். இந்தச் சூசைதான். அவனே ஊரு முன்னால எந்திரிச்சி ஒத்துக்கிட்டான். வேணும்னா இவங்கள கேளுங்க."

பாவமாம்! தன் தப்பைத் தூக்கிக்கொண்டவனைக் கையோடு பிடித்துக் கொடுத்துவிட்டு, பாவம் என்று ஒரு வார்த்தை. ரேஞ்சர் எங்கள் பக்கம் திரும்பி, "இவன் ஒத்துக்கிட்டது நெஜமா?" என்றார். "ஆமாங்க" என்று நாலைந்து குரல் வந்தது. அதில் ஒன்று என்னுடையது. சூசையண்ணன் ஒத்துக்கொண்டது நிஜம்தானே, நாங்கள் பொய்யா சொன்னோம்? உலகத்திலேயே மோசமான உண்மை அன்றைக்கு நாங்கள் சொன்னதுதான். பாறையில் சாமி சாட்சியாகச் சொன்னது பாறையோடு போக வேண்டியது. அது கேஸ் கட்டில் ஏறியது. ஜீப்பில் ஏறும்போது சூசையண்ணன் என்னைத் தேடிப் பார்த்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

மூன்று மாதம் உள்ளே இருந்தார். குத்தகைக் கடலை பிடுங்க ஆளில்லாமல் மண்ணிலேயே முளைத்துப்போனது. அந்த ஈஸ்டருக்கு அவர் மகளுக்குச் சர்ச்சில் முதல் நன்மை, முதன்முதலாய் அப்பம் வாங்குகிற சடங்கு. வெள்ளைக் கவுன் போட்டு, அப்பா இல்லாமல் வரிசையில் நின்றது அந்தப் பெண். அதற்கு மறுநாள் சூசையண்ணன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டோரம் நின்றார்.

"தம்பி, நீங்க சின்னவரு பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமாங்கக்கா."

"அவரு அடிச்சத பாத்தீங்களா?"

"அடுத்தவங்க தப்ப சொல்லக் கூடாதுங்கக்கா. ஊரு கட்டு."

"அப்ப உங்க தப்ப சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பார்த்தேன், சொல்லவில்லை. இரண்டே வார்த்தை. அது என் தப்பு, என் தப்பைச் சொல்ல எந்தக் கட்டும் தடையில்லை. இந்தச் சாதாரண விஷயம் அந்த அம்மா சொல்லும்வரை என் மண்டையில் ஏறவில்லை. அடுத்த வருடம் பாறையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மாடு ஓட்டும்போதும் மடை திருப்பும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கன்றுக்குட்டியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், அது தைரியமாகக் கேட்டுக்கொண்டது.

அடுத்த மாசியில் வேட்டைக்கு வழியில்லை, காடு முழுக்கக் காவல். வட்டமாவது கூட வேண்டும் என்று ஒரு வெள்ளாட்டுக் கிடாவை வாங்கி வெட்டினார்கள். "வருசம் பூரா பண்ணுன தப்புல ஒண்ணச் சொல்லுங்க" என்றார் முனுசாமி மாமா. ஜாமீனில் வந்து, வாய்தாவுக்கு அரூர் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த சூசையண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தார். வில் இல்லை, அது கேஸில் போய்விட்டது. ஆள் பாதியாக இருந்தார். சின்னவர் எழுந்து, "இந்த வருசம் கோயில் வேலைக்கு என்னால நேரம் ஒதுக்க முடியல, அது தப்புதான்" என்றார். எனக்குக் காது மடல் சுட்டது.

என் முறை வந்தது. எழுந்தேன். சின்னவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், லேசாகச் சிரித்தார். "கடலைக்கு நேரத்துல மருந்து அடிக்காம வுட்டுட்டேனுங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடம் பாடம் பண்ணியது அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

கடைசியில் சூசையண்ணன் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. "போன வருசம், பண்ணாத தப்பப் பண்ணேன்னு சொன்னேனுங்க. அது தப்பு" என்றார். உட்கார்ந்தார்.

கட்டை அவர் மீறவில்லை. அடுத்தவன் தப்பைச் சொல்லவில்லை. முனுசாமி மாமா கத்தியைப் பாறைமேல் வைத்துவிட்டார். சின்னவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு வேல கெடக்குது" என்று எழுந்து போனார். அவர் பங்காளிகள் பின்னால் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக. கறியை யாரும் கேட்கவில்லை. நானும் எழுந்தேன். சூசையண்ணன் என் பக்கமாக வந்து, "கடல ரொம்பப் போயிருச்சா?" என்று கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே அக்கறையாகக் கேட்டார். "பாதி போச்சுங்கண்ணா" என்றேன். என் கடலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் பொய்தான் வந்தது.

அதற்குப் பிறகு வட்டம் கூடவில்லை. பாறையைக் கல் குவாரிக்காரர்கள் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். சூசையண்ணன் கேஸ் முடிந்ததும் குத்தகையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானார் என்று கேள்வி. சின்னவர் பெயர் ஊர் நுழைவு வளைவில் இருக்கிறது. போன சுதந்திர தினத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வன விலங்குகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பேசினார். நான் கை தட்டவில்லை. ஆனால் எழுந்து வெளியேயும் போகவில்லை, கொடுத்த மிட்டாயை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மான்களுக்குக் குறைவில்லை, தோட்டம் வரைக்கும் வந்து போகின்றன, யாரும் தொடுவதில்லை. இல்லாமல் போனது வேறு. வாய்க்கால் வெட்டு, பங்காளிச் சண்டை, தேர்தல் என்று என்னென்னவோ நடக்கிறது, ஆனால் அன்றைக்குக் கலைந்ததிலிருந்து எங்கள் ஊரில் யாருமே ஒரு தப்பும் செய்ததில்லை. எல்லாம் அடுத்தவன் செய்ததுதான். அந்த முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் மிச்சமிருக்கிறோம். எதிரெதிரே பார்த்தால் நின்று பேசுகிறோம். மழை வருமா என்று கேட்டுக்கொள்கிறோம்.